பிளஸ் டூ முடித்துவிட்டேன், பி.எஸ்சி. சைக்காலஜி சேரப் போகிறேன். இப்போதிருந்தே எப்படித் தயாராவது?

முதலில் புள்ளியியல். நான் பிளஸ் டூவில் கணக்கு இல்லாத குரூப். மனிதர்களைப் பற்றிய படிப்பு என்று ஆசையாகச் சேர்ந்த எனக்கு, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-டெஸ்ட் என்று பாடம் தொடங்கியதும் அழுகையே வந்துவிட்டது. ஆனால் அது இல்லாமல் முடியாது. ஒரு சோதனையில் ஒருவர் எடுத்த மதிப்பெண் அதிகமா குறைவா என்பதை, அவர் வயதுக்காரர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்கிறோம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் திட்ட விலக்கம் வரும் பாடத்தை இந்த லீவில் மறுபடி போட்டுப் பாருங்கள், போதும்.

அடுத்து வேலை. பி.எஸ்சி. மட்டும் முடித்துவிட்டு சிகிச்சை தர முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய மேற்படிப்பை முடித்து அங்கே பதிவு செய்ய வேண்டும். நான் படித்தது எம்.ஃபில். இப்போது படிப்புகளின் பெயர்கள் மாறி வருகின்றன. அதனால் பணம் கட்டுமுன் கவுன்சிலின் பட்டியலில் அந்தக் கல்லூரியும் படிப்பும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பாடமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். எதிரில் வந்து உட்காருபவர் தமிழில் பேசுவார். பயிற்சிக் காலத்தில் ஒரு அம்மாவிடம், "உங்களுக்குப் பதற்றம் இருக்கிறதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லம்மா" என்றார். தாளில் 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். மேற்பார்வையாளர் அந்தத் தாளைப் படித்துவிட்டு அவரைத் திரும்ப அழைத்து, "நெஞ்சு படபடன்னு வருமாம்மா?" என்று மட்டும் கேட்டார். "ஐயோ, ராத்திரியானா அதேதான். யோசனை ஓயவே மாட்டேங்குது" என்று ஆரம்பித்தவர், மகன் கடன் வாங்கி வெளிநாடு போன கதை வரை அரை மணி நேரம் பேசினார். அன்று எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. 'படபடன்னு வருது' என்பது என் பாட்டி தினமும் சொல்கிற சொல்!

அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். மனசு பாரமா இருக்கு, எதுலயும் ஒட்ட மாட்டேங்குது, தலை கிறுகிறுங்குது, கை கால் ஓடல... யார் எப்போது சொன்னார்கள், அப்போது அவர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுவேன். நீங்கள் முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.