முன்வரிசைப் பாலும் பழைய மாடல் ஃபிரிட்ஜும்: ஜப்பான் வாசகர் கேள்வி-பதில்

ஜப்பானில் வேலைக்கும் படிப்புக்கும் வந்து குடியிருக்கும் தமிழ் வாசகர்களின் கடிதங்கள் இவை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். அங்குள்ள கருத்துக்கணிப்புகளைப் படித்துவிட்டு எழுதியவர்களும் இந்த முறை உண்டு.

கேள்வி: சூப்பர்மார்க்கெட்டில் பால் எடுக்கும்போது கையை உள்ளே விட்டுப் பின்வரிசையிலிருந்துதான் எடுப்பேன். "அப்படி எடுக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கம்மா" என்கிறாள் மகள். காசு கொடுப்பவள் தேதி பார்ப்பது தப்பா? (வாசகி, நிஷி கசாய்)

பதில்: தேதி பார்ப்பது தப்பில்லை. ஆனால் இன்றோ நாளையோ தீர்ந்துபோகும் பாலுக்காகப் பின்வரிசையைத் துழாவத் தேவையில்லை. டீச்சர் சொன்னது 'தெமாஎதொரி'. உடனே சாப்பிடப் போகிற பொருளை முன்வரிசையிலிருந்தே எடுங்கள் என்று 2021-இல் நுகர்வோர் முகமை, அமைச்சகங்கள், கொன்பினி எனும் சிறு பலசரக்குக் கடைகளின் சங்கம் எல்லாம் சேர்ந்து தொடங்கிய பிரசாரம். அடுத்த ஆண்டின் முதல் பத்துப் பிரபலச் சொற்களில் அந்த வார்த்தையும் ஒன்று.

டப்பாவில் இருப்பது எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள். 'ஷோஹி கிகென்' என்றிருந்தால் அந்த நாள் தாண்டிச் சாப்பிடக் கூடாது. பென்தோ என்ற சாப்பாட்டுப் பெட்டி, சான்ட்விச் போல ஏறக்குறைய 5 நாளுக்குள் கெட்டுப்போகிறவற்றுக்கு அது. 'ஷோமி கிகென்' என்றிருந்தால் அது ருசி குறையத் தொடங்கும் தேதி. மறுநாளே கொட்டிவிட வேண்டியதில்லை. சாதாரணப் பாலில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டாவது வகை. இரண்டு தேதியும் பிரிக்காமல், சொன்னபடி குளிரில் வைத்த பொருளுக்குத்தான் பொருந்தும். பிரித்துவிட்டால் தேதியைப் பார்க்காதீர்கள், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

பின்வரிசைக்குப் போகும் கை கடையோடு நிற்பதில்லை. ஜப்பானில் 'மூன்றில் ஒரு பங்கு' என்றொரு வியாபார வழக்கம் உண்டு. 6 மாதம் தாங்கும் பிஸ்கட் முதல் 2 மாதத்துக்குள் கடைக்கு வந்தாக வேண்டும். 4-ஆம் மாதம் முடிந்தால் தட்டிலிருந்து இறக்கப்படும். சட்டமில்லை, புதிய தேதியே வேண்டும் என்ற வாடிக்கையாளருக்குப் பயந்து வளர்ந்த வழக்கம். இப்போது முதல் கெடுவைப் பாதிக்காலமாகத் தளர்த்தி வருகிறார்கள். 2022 நிதியாண்டில் சாப்பிடக்கூடிய நிலையில் வீணான உணவு 47.2 லட்சம் டன். அதில் சரிபாதி வீடுகளிலிருந்து போனது.

கேள்வி: என் ரெசிடென்ஸ் கார்டைக் காட்டினால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் டாக்ஸ்-ஃப்ரீ கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஜப்பானில் வேலை பார்ப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

கேள்வி: பழைய பொருள் இலவசமாக எடுக்கப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே ஒரு சிறு லாரி வந்தது. ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் ஏற்றிய பிறகு 60,000 யென் கேட்டார்கள். கைக்குழந்தையோடு தனியாக இருந்தேன், பயந்து கொடுத்துவிட்டேன். கணவர் என்னைத் திட்டுகிறார். (வாசகி, சைதாமா)

பதில்: உங்கள் மேல் குற்றமே இல்லை, உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். ஏற்றிய பிறகு விலை சொல்வதுதான் அந்த வண்டிகளின் தந்திரம். அந்த நேரத்தில் தனியாக நிற்கும் எவருக்கும் மறுத்துப் பேசத் தைரியம் வராது.

இன்றே செய்ய வேண்டியது: 188-க்குக் கூப்பிடுங்கள். ஊரிலுள்ள நுகர்வோர் மையத்துக்கு அந்த எண் இணைக்கும். 'இ-யா-யா' என்று வாசித்தால் 'வேண்டவே வேண்டாம்' என்று பொருள் வருவதால் ஜப்பானியர் அதைச் சுலபமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் நடந்த ஒப்பந்தமானால் 8 நாளுக்குள் ரத்து செய்யும் கூலிங்-ஆஃப் உரிமை பொருந்தலாம். அந்த 8 நாள், சட்டப்படியான ஒப்பந்தத் தாள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும். தாளே தரவில்லையென்றால் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. வண்டி எண், நேரம், பேசிய ஆளின் அடையாளம், பணம் எடுத்த ஏடிஎம் சீட்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மிரட்டினார்கள் என்றால் போலீஸ் ஆலோசனை எண் #9110.

மற்றவர்களுக்கு: டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கும் 2001 முதல் தனிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. புதிது வாங்கும் கடை பழையதை எடுத்தே ஆக வேண்டும். மறுசுழற்சிக் கட்டணமும் வண்டிக் கூலியும் உங்களுடையது. கடையே இல்லையென்றால் தபால் நிலையத்தில் மறுசுழற்சிச் சீட்டுக்குப் பணம் கட்டி, குறிப்பிட்ட சேகரிப்பு இடத்துக்கு நீங்களே கொண்டுபோகலாம். வீட்டுக் குப்பையை எடுக்க நகராட்சியின் பொதுக்கழிவு அனுமதி வேண்டும். பழம்பொருள் வியாபார உரிமத்தைக் காட்டினால் அது இதற்குச் செல்லாது.

கேள்வி: நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு 35 என்று செய்தியில் வந்தால் 35 சதவீதம் பேர் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அர்த்தமா?

பதில்: இல்லை. அமைச்சரவை அலுவலகம் மாதந்தோறும் சுமார் 8,400 குடும்பங்களிடம் அடுத்த அரையாண்டு பற்றி நான்கு கேள்வி கேட்கிறது: வாழ்க்கை நிலை, வருமானம், வேலைச் சூழல், பெரிய பொருள் வாங்க இது ஏற்ற நேரமா. 'மேம்படும்' என்ற விடைக்கு 1, 'ஓரளவு மேம்படும்' என்றால் 0.75, 'மாறாது' 0.5, 'ஓரளவு மோசமாகும்' 0.25, 'மோசமாகும்' 0. எல்லாரும் 'மாறாது' என்றால் குறியீடு 50. ஆக 35 என்றால் மோசமாகும் என்பவர்கள் கனமாக இருக்கிறார்கள்.

கேள்வி: இங்கே வாங்கிய ரைஸ் குக்கரை மதுரையில் அம்மாவிடம் கொடுத்தேன். ப்ளக்கை மாட்டியதும் புகை வந்து அணைந்துவிட்டது. 38,000 யென். கடை மாற்றித் தருமா?

பதில்: தராது தம்பி. அடியில் '100 வோல்ட்' என்று அச்சிட்டிருப்பதை வாங்கும்போதும் பார்க்கவில்லை, பெட்டியில் கட்டும்போதும் பார்க்கவில்லை. 230 வோல்ட்டில் அந்தச் சூடேற்றி 5 மடங்குக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும். உள்நாட்டு மாடலின் உத்தரவாதம் ஜப்பானுக்குள் மட்டுமே, அதிலும் தவறான மின்னழுத்தத்துக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். ஊருக்கு வாங்குவதானால் '220-240 வோல்ட்' என்று எழுதிய வெளிநாட்டு மாடலைக் கேளுங்கள். 1,200 வாட் குக்கருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதானால் 1,500 வாட்டுக்குக் குறையக் கூடாது. போன், லேப்டாப் சார்ஜரில் '100-240' என்றிருக்கும். அது எங்கும் ஓடும்.

கேள்வி: ஜப்பானியர் ஃபிரிட்ஜை உடைகிற வரை மாற்றுவதில்லை என்று ஒரு கணிப்பில் படித்தேன். அப்படியானால் போன வருஷத்து மாடலைத் தள்ளுபடியில் வாங்குவதுதானே புத்திசாலித்தனம்? (வாசகர், யோகோஹாமா)

பதில்: நீங்கள் படித்தது சரி. மேலே சொன்ன நுகர்வோர் நம்பிக்கைக் கணிப்பேதான், ஒவ்வொரு மார்ச்சிலும் வீட்டுப் பொருளை அந்த ஆண்டில் மாற்றியவர்களிடம் எத்தனை வருஷம் வைத்திருந்தீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிறது. ஃபிரிட்ஜ் 10 ஆண்டைத் தாண்டுகிறது. காரணங்களில் முதலிடம் பழுது. அந்தப் பழக்கத்தை மதிக்கிறேன். அதனாலேயே யாரும் கவனிக்காத ஒன்றைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழுது பார்க்க உதிரிப் பாகம் வேண்டும். கம்பெனிகள் அதை எத்தனை வருஷம் கையிருப்பில் வைக்க வேண்டும் என்று கெடு உண்டு: ஃபிரிட்ஜுக்கு 9 ஆண்டு, டிவிக்கும் மைக்ரோவேவுக்கும் 8, ரைஸ் குக்கருக்கு 6. எந்த நாளிலிருந்து? நீங்கள் வாங்கிய நாளிலிருந்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கிடையாது. அந்த மாடலின் தயாரிப்பு நின்ற நாளிலிருந்து. தயாரிப்பு நின்று இரண்டு வருஷம் கழித்துக் கிடங்கிலிருந்து வரும் ஃபிரிட்ஜை வாங்கினால் உங்கள் கையில் இருப்பது 7 ஆண்டு. 8-ஆம் ஆண்டில் ஒரு சர்க்யூட் போர்டு போனால், கம்ப்ரஸர் நன்றாக இருந்தும் முழு ஃபிரிட்ஜையும் தூக்கிப் போட வேண்டிவரும், கட்டணமும் கட்டி. பழைய இருப்பில் நான் வாங்கிய வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியேற்றும் பம்ப் கிடைக்காமல்தான் போனது. தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு புதியதற்குச் செலவானது. பாகம் வைத்திருக்க வேண்டிய கெடுவைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். தயாரிப்பு நின்ற மாதத்தை விலைச்சீட்டிலேயே போட வேண்டும் என்பது என் தீராத மனக்குறை.

ஆகவே வாங்குமுன் கதவின் உட்புறமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். மாடல் எண்ணைக் காட்டி, 'செய்சான் ஷூர்யோ', அதாவது தயாரிப்பு நின்றது, எப்போது என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். சில மாதம் முன்புதான் நின்றது என்றால் தயங்காமல் வாங்கலாம், தள்ளுபடி முழுக்க லாபம். நீட்டித்த உத்தரவாதத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வருஷம் போகப்போக ஈட்டுத்தொகை குறைகிறதா? ஒரு முறை பழுது பார்த்ததும் முடிந்துவிடுகிறதா? பாகம் கிடைக்காவிட்டால் என்ன தருவார்கள்? ரசீதின் அச்சு வெயிலில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 10% தள்ளுபடி ஒரு கடையில், 10% பாயின்ட் இன்னொரு கடையில். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. 10,000 யென் கொடுத்து 1,000 பாயின்ட் பெற்றால், மொத்தம் 11,000 யென் சரக்குக்கு 10,000 கொடுக்கிறீர்கள். கணக்குப் போட்டால் 9.1% தள்ளுபடிதான் வருகிறது. 20% பாயின்ட் என்பது 16.7%. பாயின்ட்டில் கட்டிய பகுதிக்குப் பெரும்பாலும் மறுபடி பாயின்ட் ஏறாது. கெடு தாண்டினால் எல்லாம் பூஜ்யம்; என் கணக்கிலும் அப்படி 3,000-க்கு மேல் போயிருக்கிறது. விலை சமமானால் தள்ளுபடிக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: விலை கூடினாலும் உள்நாட்டுப் பொருளே வேண்டும் என்று ஜப்பானியர் கணிப்புகளில் சொல்கிறார்களே. நானும் 'கொகுனை செய்சோ' என்று போட்ட பிரெட் மட்டுமே வாங்குகிறேன். சரிதானே?

பதில்: இரண்டு சொல்லைக் குழப்பிக்கொண்டீர்கள். 'கொகுசான்' என்றால் ஜப்பானில் விளைந்தது. 'கொகுனை செய்சோ' என்றால் ஜப்பானில் தயாரித்தது. கோதுமை மாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது இருந்தால், மாவு அரைத்தது ஜப்பானில் என்று மட்டுமே பொருள்; கோதுமை அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ கப்பலில் வந்திருக்கலாம். 2022 ஏப்ரல் முதல், உள்நாட்டில் தயாரித்த பதப்படுத்திய உணவில் எடையில் முதலிடத்தில் இருக்கும் மூலப்பொருளுக்கு இந்தக் குறிப்பு கட்டாயம். பட்டியல் எடை வரிசையில் வரும், சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பவை உணவுச் சேர்க்கைப் பொருள்கள். விளைந்த நாடுதான் முக்கியம் என்றால் 'கொகுசான்' தேடுங்கள்.

கேள்வி: பொருளைவிட மனநிறைவே பெரிது என்று 62% ஜப்பானியர் சொன்னதாகப் படித்தேன். உண்மையா?

பதில்: 2019-இல் அமைச்சரவை அலுவலகம் எடுத்த மக்கள் வாழ்க்கைக் கணிப்பில் வந்த எண் அது. 1970-களின் கடைசியிலிருந்தே மனநிறைவுப் பக்கம்தான் முன்னால். ஆனால் விடையின் வாசகத்தைப் படியுங்கள்: பொருள் வசதி ஓரளவு வந்துவிட்டதால், இனி மன நிறைவுக்கு முக்கியம் தருவேன் என்பது அதன் சாரம். ஃபிரிட்ஜும் டிவியும் வந்து சேர்ந்தபின் சொல்லும் விடை. கொரோனாவுக்கு முன்பு ஆள் வீட்டுக்கு வந்து நேரில் கேட்டார்கள், பிறகு தபாலில் கேட்டார்கள். தபாலில் இரு பக்கமும் நெருங்கிவிட்டன. கேட்கும் முறையே மாறியதால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து முடிவு கட்டக் கூடாது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சட்டை நிறம் பிடிக்கவில்லை. 8 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இருக்கிறதாமே?

பதில்: ஆன்லைனுக்குக் கூலிங்-ஆஃப் கிடையாது. கடை திருப்பும் விதியைப் போட்டிருந்தால் அதுதான் சட்டம். எதுவுமே போடாமல் விட்டிருந்தால் மட்டும் 8 நாள் உண்டு, தபால் செலவு உங்களுடையது. அடுத்த முறை வாங்கும் முன்பு படியுங்கள்.

கேள்வி: முதல் தடவை 500 யென் என்ற விளம்பரம் பார்த்து உடம்பு இளைக்கும் மாத்திரை வாங்கினேன். இரண்டாம் மாதம் 9,800 யென் பில். ஐந்து முறை வாங்கியே ஆக வேண்டுமாம். போனை எடுப்பதில்லை. வீட்டில் சொல்லவில்லை, வெட்கமாக இருக்கிறது. (வாசகி, கவாசாகி)

பதில்: வெட்கம் ஏமாற்றியவருக்கு இருக்க வேண்டியது. நுகர்வோர் முகமையின் மனப்போக்குக் கணிப்பிலும், பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றே தெரிகிறது. இந்த வியாபாரம் ஓடுவது அந்த மௌனத்தில்தான்.

2022 ஜூன் 1 முதல், ஆர்டரை உறுதி செய்யும் கடைசித் திரையில் எத்தனை முறை வரும், மொத்தம் எவ்வளவு, எப்படி நிறுத்துவது எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். அந்தத் திரை உங்களைத் தவறாக நினைக்க வைத்திருந்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். விளம்பரம், கடைசித் திரை, உறுதி மின்னஞ்சல் மூன்றின் ஸ்கிரீன்ஷாட்டும் தேவை. அன்று எடுக்கவில்லையென்றால் அதே பக்கத்தைத் திறந்து, ஆர்டர் பொத்தானை அழுத்தாமல், இப்போது எடுங்கள். நீங்கள் கூப்பிட்ட ஒவ்வொரு முறையின் தேதியும் நேரமும் போனிலேயே இருக்கும். அதையும் படம் பிடியுங்கள். நிறுத்தச் சொல்லி மின்னஞ்சலும் அனுப்புங்கள். பெட்டி மறுபடி வந்தால் பிரிக்க வேண்டாம். ஜப்பானிய மொழி பேசும் தோழி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 188-ஐ அழையுங்கள். ஆண்டுக் கடைசி, புத்தாண்டு விடுமுறை தவிர எல்லா நாளும் யாராவது எடுப்பார்கள். அடுத்த பெட்டி கிளம்புவதற்குள் அழைத்துவிடுங்கள்.