சரக்கே பேசாதா?

கேள்வி: நாங்கள் மசாலாப் பொடி தயாரிக்கிறோம். ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி மாதாமாதம் பணம் கேட்கிறது. விளம்பரம்தான் கொடுக்கிறோமே, இது எதற்கு? சரக்கு நன்றாக இருந்தால் அதுவே பேசாதா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பேசும், நல்ல நாளில்.

2015-இல் மேகி பட்ட பாடு நினைவிருக்கிறதா? உத்தரப்பிரதேசத்தில் எடுத்த பாக்கெட்டில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பதாகச் செய்தி வந்தது. நெஸ்லே 'எங்கள் நூடுல்ஸ் பாதுகாப்பானது' என்று அறிக்கை விட்டது. முந்தின நாள்தான் பிள்ளைக்குக் கிண்டிக் கொடுத்த அம்மாவுக்கு அறிக்கையை வைத்து என்ன செய்வது? யாராவது முகம் காட்டிப் பேச வேண்டாமா? உலகத் தலைமை அதிகாரி டெல்லிக்கு வந்து நிருபர்கள் முன் உட்கார்ந்தது ஜூன் 5-ஆம் தேதி. அதற்குள் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் தடை போட்டாயிற்று. அன்றைக்கே நாடு முழுக்கத் தடை.

ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நீதிமன்றம் சொன்ன ஆய்வகங்களில் பார்த்தபோது ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. சரக்கு ஜெயித்துவிட்டது, சரி. ஆனால் 30,000 டன்னுக்கு மேல் திரும்பப் பெற்று, சிமென்ட் ஆலைச் சூளைகளில் போட்டு எரித்திருந்தார்கள்.

1982-இல் சிகாகோ பக்கம் டைலனால் என்ற வலி நிவாரணி கேப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் செத்தார்கள். கம்பெனி மேல் தப்பில்லை. ஆனாலும் ஜான்சன் அண்ட் ஜான்சன் 3 கோடிக்கும் அதிகமான பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. நிருபர்களிடம் வாயை மூடிக்கொள்ளவில்லை. சீல் வைத்த புதுப் பாட்டிலோடு மறுபடி வந்தபோது மக்கள் வாங்கினார்கள்.

மக்கள் தொடர்பு என்றால் இதுதான். என் மேஜைக்கு வருவது வேறு சாமான். 'முன்னணி நிறுவனமான' என்று ஆரம்பிக்கும் பிரஸ் நோட். என்ன விற்கிறார்கள் என்பது மூன்றாவது பத்தியில்தான் தெரியும். கூடவே குத்துவிளக்கு ஏற்றும் படம். அரை மணி நேரத்தில் போன்: "சார், மேட்டர் வந்துச்சா? எப்ப போடுவீங்க?" ஒரு தடவை வாசகர் புகார் ஒன்றைப் பற்றிக் கேட்க, அதே எண்ணுக்கு நான் அடித்தேன். மூன்று நாள் மணி அடித்ததுதான் மிச்சம். (தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் மட்டும் தவறாமல் வந்தது.)

அதனால் அந்த ஏஜென்சிக்காரரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள். உங்கள் மிளகாய்ப் பொடியில் வண்டு இருந்ததாக ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு வீடியோ போடுகிறார். யார் பேசுவது, என்ன சொல்வது? 'வீடியோவைத் தூக்கிடலாம் சார்' என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். 'முதலில் மில்லைப் பார்க்கணும், பேட்ச் நம்பர் எழுதுகிற நோட்டைக் காட்டுங்க, புகார் போனை யார் எடுக்கிறாங்க?' என்றால் ஆளை விடாதீர்கள். கேட்கிற தொகையை அப்படியே கொடுக்க வேண்டாம். மஞ்சள் மண்டி ஊர்க்காரருக்கு பேரம் நான் சொல்லித்தர வேண்டுமா என்ன?