பாகம் பாகமாக வாங்கித் துப்பாக்கி மாட்டலாமா? அமெரிக்கத் தமிழர்களின் கேள்விகள்

எப்படி மாட்டுவது என்று கேட்ட கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அமெரிக்கச் சட்டப்படி மாட்டலாமா, வேண்டாமா என்பதற்கு மட்டும் பதில். சிக்கலான நிலையில் இருப்பவர்கள் உங்கள் மாநில வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

டெக்சாஸில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் எனக்காக ஒரு ஏ.ஆர்-15 ரைஃபிள் மாட்டிக்கொள்ளலாமா?

மாட்டலாம். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்தியச் சட்டம் லைசென்ஸ் கேட்பதில்லை. விற்பதற்கென்று செய்தால்தான் கேட்கும். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 1968-ஆம் ஆண்டு மத்தியத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது ரிசீவர்தான், அதாவது சுடும் இயக்கத்தைத் தாங்கும் உடல்பகுதி. குழல், பின்கட்டை எல்லாம் மத்தியச் சட்டப்படி வெறும் பாகம், தபாலிலேயே வரும். ஏ.ஆர்-15-இல் கீழ்ப்பகுதிதான் ரிசீவர். அதைக் கடையில் வாங்கும்போது முழுத் துப்பாக்கி வாங்குவது போலவே வாங்குபவர் விவரம் கேட்கும் 4473 படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. சொல்லப்போனால் கெடுபிடி இன்னும் கூட: முழு ரைஃபிளை 18 வயதில் கடையில் வாங்கலாம், வெறும் ரிசீவருக்கு 21 ஆக வேண்டும். வேறு மாநிலக் கடையில் நேரடியாக வாங்கவும் முடியாது.

நான் எச்-1பி. நண்பர் ரிசீவர் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

வேண்டவே வேண்டாம். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். விலக்குகள் சில உண்டு. நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவது, மாநிலம் தரும் வேட்டை லைசென்ஸ். அது காலாவதியானால் விலக்கும் போச்சு. அப்புறம், உங்களுக்காக நண்பர் தன் பெயரில் படிவம் நிரப்புவது தனிக் குற்றம். 2022-இல் வந்த சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தலுக்கும் அது காரணமாகும், கிரீன் கார்டு இருந்தாலும்.

பாதி முடித்த ரிசீவரோடு வரும் கிட்டுக்கு (பாகத் தொகுப்புக்கு) சீரியல் நம்பர் தேவையில்லை என்கிறார்களே?

பழைய கதை. சுலபமாக முடித்துவிடக்கூடிய கிட்களும் துப்பாக்கிதான் என்று, துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப். 2022-இல் விதி கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2025 மார்ச் 26-இல் 7-2 என்ற கணக்கில் விதி நின்றது. நீதிபதி கோர்சச் எழுதிய தீர்ப்பில் ஒரு கிட்டைப் பற்றிய விவரம் வருகிறது: அதை முன்பின் பார்த்திராத ஒருவர் சாதாரணக் கருவிகளை வைத்து 21 நிமிடத்தில் முடித்துவிட்டாராம். அப்படிப்பட்டதைத் துப்பாக்கி இல்லை என்று வாதாடுவது கஷ்டம்தான். என் கருத்து: நம்பர் போட்ட ரிசீவரையே வாங்குங்கள். களவு போனால் புகார் கொடுக்கவும் அந்த நம்பர்தான் உதவும்.

ரிசீவரை அறுத்து இறக்குமதி செய்த பழைய ராணுவ ஏ.கே. கிட் கிடைக்கிறது. எடுக்கலாமா?

முதல் முறை மாட்டுபவர் இதைத் தொடாதீர்கள். இறக்குமதிக்கு அனுமதி கிடைக்காத வகை செமி-ஆட்டோ (ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு) ரைஃபிளை உள்ளூரில் மாட்டினால், சட்டம் பட்டியலிட்ட 20 பாகங்களில் 10-க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது. எண்ணிப் பார்த்து, மிச்சத்துக்கு அமெரிக்கப் பாகம் மாற்ற வேண்டும். மூல ராணுவத் துப்பாக்கியின் தொடர்ந்து சுடும் திறன் எந்த வகையிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மெஷின் கன். 1986 மே 19-க்குப் பிறகு தனிநபர் அதைப் புதிதாகச் செய்ய வழியே இல்லை. முழு கிட்டும் கையிலிருந்து, தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் யோசிக்கலாம்.

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி?

டெக்சாஸ் பதிலை மறந்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் 2018 ஜூலையிலிருந்து, செய்யத் தொடங்கும் முன்பே மாநில நீதித்துறையிடம் நம்பர் வாங்க வேண்டும். நியூ ஜெர்சியில் நம்பரில்லாத துப்பாக்கி செய்யப் பாகம் வாங்குவதே குற்றம். இரண்டு மாநிலத்திலும் ஏ.ஆர். வகைக்குத் தனித் தடைகளும் உண்டு. இங்கே இருப்பவர்கள் கடையில் முழுசாக வாங்குவதுதான் நிம்மதி.

குட்டைக் குழல் போடலாமா?

ரைஃபிளில் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் ஏ.டி.எஃப். அனுமதி முதலில் வர வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. விண்ணப்பமும் கைரேகையும் அப்படியே இருக்கின்றன. வரி போனதும் அனுமதியே வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஜாக்கிரதை.

மாட்டினால் மலிவா?

பெரும்பாலும் இல்லை. கருவிகள், சரிபார்க்கும் கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) கூலி எல்லாம் சேர்த்தால் கடை விலையைத் தொட்டுவிடும். முழுத் துப்பாக்கிக்குக் கம்பெனி வாரன்ட்டி உண்டு, நீங்கள் மாட்டியதற்கு யார் தருவார்? பாகங்களோடு மல்லுக்கட்டுவது பிடிக்கும் என்றால் மட்டும் மாட்டுங்கள்.

ஊருக்குப் போகும்போது சில பாகங்களை எடுத்துப்போகலாமா அண்ணா?

கூடாது தம்பி. இந்திய ஆயுதச் சட்டம், 1959, பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது. இங்கிருந்து வெளியே கொண்டுபோகவும் ஏற்றுமதி விதிகள் உண்டு. சின்ன பாகம்தானே என்று எதையும் பெட்டியில் போட்டுவிடாதே.