பறக்காத விமானமும் உங்கள் மகளின் படிப்பும்

அம்மா, வணக்கம்.

மகள் மாதிரி விமானம் செய்வதிலேயே மூழ்கியிருக்கிறாள், அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரு வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். "பறந்த விமானத்தைச் செய்தாலாவது பரவாயில்லை, பறக்கவே பறக்காத ஒன்றைப் போய் இரண்டு மாதமாக ராவிக்கொண்டிருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி இறுதியாண்டில் கணக்குப் புத்தகத்தின் மேல் உப்புத்தாள் கிடந்தால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் குறையாகச் சொன்ன அந்தப் "பறக்காத" என்ற சொல்தான் என் கவனத்தை இழுத்தது. அவள் செய்வது மெஸ்ஸர்ஷ்மிட் பி.1101 என்ற ஜெர்மன் ஜெட் விமானத்தின் சிறு மாதிரி. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் ஓபராமர்காவ் என்னும் ஊரில் அமெரிக்கப் படையினர் கண்டெடுத்தபோது அந்த விமானம் வேலை முடியாமல் நின்றிருந்தது. பின்னோக்கிச் சாய்ந்த அதன் இறக்கைகளின் கோணத்தைத் தரையில் வைத்து மாற்றியமைக்கலாம். எந்தக் கோணம் நல்லது என்று பறந்து பார்ப்பதற்காகவே அப்படி வடிவமைத்திருந்தார்கள். அதை அமெரிக்காவின் பெல் விமான நிறுவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அது பறக்கவில்லை. ஆனால் அதை ஒட்டி பெல் கட்டிய எக்ஸ்-5, பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கைக் கோணத்தை மாற்றியது, 1951இல் பறந்தது. பறக்காததால் வீண் என்று அவளிடம் சொல்லாதீர்கள். இந்தக் கதை உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

புகழ்பெற்ற விமானம் என்றால் பாகங்கள் பெட்டியில் வரும், குறிப்புத்தாள் சொல்லும் வரிசையில் ஒட்டினால் போதும். உங்கள் மகளோ பிளாஸ்டிக் தகட்டை வெட்டித் தானே உருவாக்குகிறாள். முடிக்கப்படாத விமானத்தில் மூடிகள் எங்கே வந்திருக்கும், எந்த வண்ணம் பூசியிருப்பார்கள் என்பதற்கெல்லாம் முழுச் சான்று கிடைக்காது. அங்கே அவள் முடிவெடுக்க வேண்டும். 1/48 அளவில், அதாவது உண்மையானதில் 48இல் ஒரு பங்காகச் செய்யும்போது, அரை மில்லிமீட்டர் பிசகினால் உண்மையான விமானத்தில் அது 24 மில்லிமீட்டர். இந்தக் கணக்கைத் தினமும் கையால் போடுகிறவளை விளையாட்டுப்பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்காக "இவள் விமானப் பொறியாளர் ஆகிவிடுவாள்" என்றும் சொல்லமாட்டேன். இங்கேதான் பல பெற்றோர் அவசரப்படுகிறார்கள். விமானப் பொறியியல் படிப்பில் பசைக்கும் தூரிகைக்கும் இடம் குறைவு. காற்றும் நீரும் ஓடும் விதத்தைச் சொல்லும் பாய்ம இயக்கவியல், நுண்கணிதம், பொருள்களின் வலிமை என்று நாள் முழுக்கச் சமன்பாடுகள்தான். கைத்திறன் கூடுதல் பலம், அவ்வளவே.

அவளுக்கு எது பிடிக்கிறது என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்கக் கடற்படைக்காக ராக்வெல் நிறுவனம் கட்டிய எக்ஸ்எஃப்வி-12ஏ விமானத்தைப் பற்றி அவளிடம் கேளுங்கள். இறக்கையில் உள்ள பிளவுகள் வழியே எஞ்சின் காற்றைக் கீழே செலுத்தி, சுற்றியுள்ள காற்றையும் இழுத்துச் சேர்த்து, செங்குத்தாக எழும்ப வேண்டும் என்பது திட்டம். ஆய்வகச் சோதனைகளில் உந்துவிசை 55 சதவீதம் கூடும் என்று தெரிந்தது. முழு அளவில் கட்டியபோது இறக்கையில் 19 சதவீதம், முன்பக்கச் சிறு இறக்கையில் வெறும் 6 சதவீதம். 1978இல் கயிற்றில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். தன் எடையைத் தானே தூக்க முடியவில்லை. சிறியதில் நடப்பது பெரியதில் ஏன் நடப்பதில்லை என்ற கேள்வி அவளைத் தூங்கவிடாமல் செய்தால், அளவும் வேகமும் மாறும்போது காற்றோட்டம் எப்படி மாறும் என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் என்பதைத் தானாகத் தேடிப் படித்தால், பொறியியலுக்குத் தயங்காமல் அனுப்புங்கள்.

"அப்படியா" என்று கேட்டுவிட்டு மறுபடியும் விமானி அறையின் கண்ணாடி மூடியைத் தேய்க்கப் போய்விட்டாலும் கவலை வேண்டாம். அப்போது அவள் ஆர்வம் செய்முறையில் இருக்கிறது. காற்றுச் சுரங்கத்தில், அதாவது வேகமாகக் காற்றைச் செலுத்தும் குழாயில், வைத்துச் சோதிப்பதற்கு மாதிரி செய்வதே ஒரு தொழில். பிரிட்டனின் மைல்ஸ் எம்.52 விமானத் திட்டம் 1946இல் கைவிடப்பட்டது. அதன் வடிவத்தை ஒட்டிய, பத்தில் மூன்று பங்கு அளவுள்ள ராக்கெட் மாதிரி 1948 அக்டோபரில் மாக் 1.38 வேகத்தை, அதாவது ஒலியின் வேகத்தைப் போல் 1.38 மடங்கை, எட்டியது. பறக்காத விமானத்துக்காக அதன் மாதிரி பறந்தது! அதைச் செய்தவர்கள் இருந்தார்கள் அல்லவா? தொழில்துறை வடிவமைப்பு, முன்மாதிரிப் பட்டறைகள் எல்லாம் இந்த வழியில் வருபவை. பழைய வரைபடங்களைத் துருவுவதுதான் அவளுக்கு இன்பம் என்றால் அருங்காட்சியகப் பொருள்களைச் சீரமைத்துப் பேணும் பணியும் உண்டு. 1939இல் நடக்கவிருந்த ஒரு விமானப் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டு, போரினால் பறக்காமலே போன புகாட்டி 100பி விமானம், பிற்காலத்தில் சீரமைக்கப்பட்டு இன்று அமெரிக்காவின் ஆஷ்காஷ் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இந்தத் துறையில் வேலைகள் குறைவு, போட்டி அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தேர்வு முடியும்வரை எல்லாவற்றையும் பூட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முன்பு ஒரு தந்தைக்கு நானே அப்படி ஆலோசனை சொன்னேன். பையன் பாடப்புத்தகத்துக்குள் கதைப்புத்தகத்தை வைத்துப் படித்தான், அவ்வளவுதான் பலன். நாளுக்கு இத்தனை நேரம் என்று அவளையே ஒரு வரம்பு சொல்லச் சொல்லுங்கள். பசையும் வண்ணமும் பயன்படுத்தும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்; ராவும்போது முகக்கவசம் அணியட்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

இன்னொரு வேலையும் கொடுங்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி: இடப்பக்கம் சான்றுள்ளவை, வலப்பக்கம் தன் ஊகமும் அதற்கான காரணமும். கல்லூரி நேர்காணலில் பளபளக்கும் மாதிரியைவிட அந்த வலப்பக்கத்தைத்தான் நான் முதலில் காட்டச் சொல்வேன்.

அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள், நோட்டும் வரட்டும். விமானம் முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்து வரச் சொல்லுங்கள். அதன் வால் மெல்லியது.