பாண்டி மியூசியம் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

லீவு வந்தாலே பாரதி பூங்கா பக்கத்துல, செயின்ட் லூயிஸ் தெருவுல இருக்கற பாண்டி மியூசியம் பத்தி நிறைய பேர் கேக்கறீங்க. பல வருஷமா ஸ்கூல் பசங்களக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டிட்டு இருக்கேன், அதனால வந்த கேள்விக்கெல்லாம் இங்கயே பதில் போட்டுடறேன்.

கடலூர் முதுநகர்லேர்ந்து ஒரு அக்கா: ரெண்டு பசங்களோட வர்றோம், முழுசா பாக்க எவ்ளோ நேரம் ஆகும்?

முழுசா பாக்கணும்னு வராதீங்கக்கா, பசங்க பாதியிலயே சோர்ந்துடுவாங்க. பக்கத்துல அரிக்கமேடுங்கற பழைய துறைமுக ஊர்ல தோண்டி எடுத்த பொருளுங்க, வெண்கலச் சிலைங்க, அப்பறம் அந்தக் காலத்து புஷ் வண்டி, இந்த மூணு போதும். புஷ் வண்டின்னா முன்னாடி இழுக்கறது இல்ல, ஆள் பின்னாடி நின்னு தள்ளணும், உக்காந்திருக்கறவர் கைப்பிடியத் திருப்பி ஓட்டுவாரு, பசங்களுக்கு ரொம்பப் புடிக்கும். திங்கட்கிழமை லீவு, அன்னிக்கு வந்துடாதீங்க. காலையில மியூசியம் பாத்துட்டுத் திரும்பிப் போறப்போ அரியாங்குப்பத்துல எறங்கி அரிக்கமேட்டையும் பாத்துடுங்க, உங்க ரூட்லதான் இருக்கு.

காலேஜ் தம்பி ஒருத்தர்: அரிக்கமேடு கண்ணாடிப் பெட்டியில வெறும் ஒடஞ்ச பானை ஓடுதான் இருக்கு, இதுல என்னண்ணா பெருசா?

தம்பி, என்னைக் கேட்டா அந்த மியூசியத்துலயே பெரிய சொத்து அந்த ஓடுதான். 1945ல மார்ட்டிமர் வீலர்ங்கற பிரிட்டிஷ் தொல்லியலாளர் அரிக்கமேட்டுல தோண்டினப்போ இத்தாலியில அரெஸோங்கற ஊர்ப் பேர்ல சொல்ற செவப்புப் பளபளப்பு ஓடு கெடைச்சுது. அது எந்தக் காலத்துல செஞ்சதுன்னு அங்க ஏற்கெனவே தெரியுமில்லையா, அத வெச்சு அதே மண்ணடுக்குல இருந்த நம்ம ஊர்ப் பானைக்கும் காலம் சொல்ல முடிஞ்சுது, தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு பிடிமானம். அப்பறம் அடி கூம்பா, ரெண்டு காது வெச்ச ஜாடித் துண்டு இருக்கும், ஆம்போரா. கப்பல்ல நெருக்கி அடுக்கறதுக்குத்தான் அந்தக் கூம்பு அடி, உள்ள ஒயினும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாஸும் வந்துச்சு. புறநானூறு 56வது பாட்டுல யவனர், அதாவது கிரேக்க, ரோமானியக்காரங்க, கொண்டாந்த தேறல்னு (மதுதான்) வருதே, அந்தச் சரக்கு வந்த ஜாடி இந்த மாதிரிதான்.

இன்னொன்னு, தட்டு ஓடு இருந்தா உள்பக்கம் அடியில குனிஞ்சு பாரு. சின்னச் சின்னப் புள்ளியா வட்டம் வட்டமா ஓடும். ரோம்லேர்ந்து வந்ததுன்னு வீலர் நெனச்சாரு, பிற்பாடு மண்ண டெஸ்ட் பண்ணினதுல இந்தியாவுலயே செஞ்சதுன்னு தெரிஞ்சுது. அதாவது வாங்கிட்டு மட்டும் இல்ல, நாமளும் தரமாச் செஞ்சுட்டுத்தான் இருந்திருக்கோம்.

நெல்லித்தோப்பு அம்மா: கண்ணாடி மணியெல்லாம் பேன்சி ஸ்டோர்ல விக்கறது மாதிரியே இருக்கே?

இருக்கும்மா, ஆனா அத செஞ்ச விதத்தப் பாருங்க. உருக்கின கண்ணாடிய நீளக் குழாயா இழுத்து, துண்டு துண்டா வெட்டி, மறுபடி சூடு காட்டி முனைய மழுக்குவாங்க. இழுத்த மணியா இருந்தா உள்ள இருக்கற காத்துக் குமிழ்கூட துளை போற பக்கமாவே நீண்டிருக்கும். இந்தத் தொழில்ல அரிக்கமேடு பெரிய ஊரு. 1930கள்லயே ழூவோ துப்ராய்ங்கற பிரெஞ்சுப் பேராசிரியர் அங்க இருந்த பசங்க பொறுக்கின மணிங்கள காசு குடுத்து வாங்கியிருக்காரு, அந்த எடத்து மேல கவனம் திரும்பினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வில்லியனூர்லேர்ந்து ஒரு சார்: வெண்கலச் சிலையில எதப் பாக்கறது, எல்லாம் ஒரே மாதிரி தெரியுது.

மொதல்ல பீடத்தப் பாருங்க சார். ஓட்டையோ வளையமோ இருக்கும், கம்பு சொருகி, கட்டி, தோள்ல தூக்கிட்டுப் போறதுக்கு. இதெல்லாம் வீதி உலா வந்த சாமி. அப்பறம் மொகம், பல காலம் அபிஷேகம் பண்ணித் தேச்சுத் தேச்சு மூக்கும் கண்ணும் மழுங்கியிருந்தா அது பூஜையில இருந்த சிலைன்னு அர்த்தம். மெழுகுல செஞ்சு மேல மண் பூசி, சுட்டு மெழுக வெளியேத்தி, அந்த எடத்துல உலோகம் ஊத்தறாங்க, அச்ச ஒடச்சாதான் சிலை வெளிய வரும். அதனால ஒரு அச்சுல ஒரு சிலைதான். முடிஞ்சா பின்பக்கமும் பாருங்க, சடையும் ஆடை மடிப்பும் யாரும் பாக்காத எடத்துலயும் அவ்ளோ அழகா இருக்கும்.

துப்ளே கட்டில் உண்மையிலேயே அவரோடதா?

அப்படித்தான் சொல்றாங்க. துப்ளே 1742லேர்ந்து 1754 வரைக்கும் பாண்டியில பிரெஞ்சு கவர்னரா இருந்தவரு. எனக்குக் கட்டில விட மரவேலைதான் முக்கியம்.

பாகூர் பையன்: அரிக்கமேட்டுல செங்கல் சுவரு பாத்தேன், ரோமானியர் கட்டினதா?

இல்லப்பா, அது 18ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சுப் பாதிரிமாருங்க இருந்த கட்டடத்தோட மிச்சம். நிறைய பேர் அது முன்னாடி நின்னு ரோமானியக் கோட்டைன்னு போட்டோ போடறாங்க, பாக்கறப்பல்லாம் மனசு வலிக்குது. பழைய ஊரு மண்ணுக்குள்ள இருக்கு, தோண்டிப் பாத்துட்டு திரும்ப மூடிட்டாங்க. நீ ஆத்தங்கரையில போய் நின்னு கடல் எந்தப் பக்கம்னு பாரு, துறைமுகம் ஏன் அங்க வந்துச்சுன்னு தானா புரியும்.

கடைசியா ஒரு அப்பா: பையன் கல்மரம் பாக்கணுங்கறான், திருவக்கரை போகலாமா?

கண்டிப்பா போங்க, பாண்டியிலேர்ந்து சுமார் 25 கிலோமீட்டர். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்க, மரம் இருந்த எடத்துல கொஞ்சம் கொஞ்சமா சிலிக்கா ஏறிக் கல்லாயிருச்சு, ஆனா வளையமும் கணுவும் அப்படியே தெரியும். கிளையும் வேரும் இல்லாம வெறும் அடிமரமாத்தான் கெடக்கும், எங்கயோ வளந்தது வெள்ளத்துல அடிச்சுட்டு வந்து மண்ணுல பொதைஞ்சிருக்கு. வெயில் கொளுத்தும், தொப்பியும் தண்ணியும் எடுத்துக்கோங்க. பையன் ஒரு துண்டு கேப்பான், ஆனா சின்ன சில்லுகூட எடுக்க விடாதீங்க, அது புவியியல் ஆய்வுத் துறை காக்கற எடம்.