"இத்தனை வருஷம் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டால்

கேள்வி: ஒன்பது வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். 2017-ல் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட, கவனித்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல் வேலையை விட்டேன். அப்புறம் குழந்தை, அதன் படிப்பு என்று காலம் ஓடிவிட்டது. மாமியாரும் இப்போது இல்லை. மறுபடி வேலைக்குப் போக ஆசை. எத்தனையோ இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பியும் ஒரே ஓர் இடத்தில்தான் கூப்பிட்டார்கள். "இத்தனை வருஷம் என்ன பண்ணினீங்க?" என்றதும் மாமியாரின் கடைசி நாட்கள் வரை சொல்லி, கண் கலங்கிவிட்டது. பதில் வரவில்லை. பழைய வேலையின் கடைசித் தேதியை நாலு வருடம் தள்ளிப் போட்டுக்கொள், யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறாள் தோழி. செய்யலாமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம். தேதியில் கை வைக்காதீர்கள். வேலைக்கு எடுக்கும் முன்போ எடுத்த பிறகோ பழைய நிறுவனத்தில் விசாரிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அங்கே முதலில் சரிபார்ப்பதே சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும்தான். இடைவெளி இருந்தும் வேலை கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் கணக்கு வேலைக்கு வருகிறவர் தேதியையே மாற்றி எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால், சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கண் கலங்கியதற்காக வருத்தப்படாதீர்கள். வருடக்கணக்கில் ஒருவரைத் தூக்கி, துடைத்து, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டவருக்கு அந்தக் கேள்வி சும்மா கேள்வியாக இருக்காது. ஆனால் கேட்பவர் மனதில் ஓடுவது வேறு. வேலை மறந்து போயிருக்குமோ, நாளைக்கே மறுபடி விட்டுவிட்டுப் போய்விடுவாரோ, வெளியே சொல்ல முடியாத காரணத்துக்காகப் பழைய இடத்தில் அனுப்பிவிட்டார்களோ, இந்த மூன்று சந்தேகங்கள்தான் அவருக்கு. நீங்கள் மாமியாரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் இந்த மூன்றும் அப்படியே நிற்கும்.

அதனால் பதிலை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: "குடும்பத்தில் ஒருவருக்கு முழுநேரக் கவனிப்பு தேவைப்பட்டதால் 2017-ல் நானாகவே விலகினேன். அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது, முழுநேர வேலைக்கு எந்தத் தடையும் இல்லை. இடையில் மாறியதைப் படித்து வருகிறேன், குறிப்பாக லீஸ் கணக்கு." அவ்வளவுதான், அதோடு நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் கஷ்டம். எதிரே இருப்பவர் இரண்டு நொடி பேசாமல் குறிப்பு எழுதினால், நம் பதில் போதவில்லையோ என்று தோன்றி மறுபடி ஆரம்பிப்போம். ஆரம்பிக்காதீர்கள், அவர் அடுத்த கேள்விக்குப் போகட்டும். இந்த மூன்று வாக்கியங்களை வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், தொண்டை அடைக்காமல் வரும்வரை.

லீஸ் என்று சும்மா சொல்லவில்லை. நீங்கள் வேலையை விட்டபோது அலுவலகக் கட்டட வாடகையை மாதாமாதம் செலவில் எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள். 2019 ஜனவரியிலிருந்து ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற சர்வதேசக் கணக்கு விதி நடைமுறைக்கு வந்து, குத்தகைக்கு எடுப்பவர் பெரும்பாலான லீஸ்களைச் சொத்தாகவும் கடனாகவும் பேலன்ஸ் ஷீட்டில் காட்ட வேண்டும் என்றாகிவிட்டது. எக்செலில் அட்டவணையிலிருந்து தேடி எடுக்க விலுக்அப் என்ற ஃபார்முலா போட்டுப் பழகியிருப்பீர்கள், இப்போது எக்ஸ்லுக்அப் இருக்கிறது, தேடும் பத்தி இடது பக்கம்தான் இருக்க வேண்டும் என்ற தொல்லை அதில் இல்லை. இந்த மாதிரி இரண்டு விஷயங்களைப் பெயர் சொல்லிப் பேசினால் வேலை மறந்திருக்குமோ என்ற சந்தேகம் பாதி போய்விடும். "நான் சீக்கிரம் கத்துக்குவேன்" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

ரெஸ்யூமே விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்களுடைய பெரிய தடை அங்கேதான். பிரிட்டனில் 9,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை நிஜ நிறுவனங்களுக்கு அனுப்பி ஒரு சோதனை செய்தார்கள். "2008 – 2017" என்று தேதி போடாமல் "9 ஆண்டுகள்" என்று எழுதிய விண்ணப்பங்களுக்கு, இடைவெளி கண்ணில் படும் விண்ணப்பங்களைவிடச் சுமார் 15 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. இது பொய் இல்லை, ஒன்பது வருட அனுபவம் உங்களுடையதுதான். முதல் வரியிலேயே அதைப் போடுங்கள். இணைய விண்ணப்பப் படிவம் தேதி கேட்டால் மட்டும் உண்மையான தேதியைக் கொடுங்கள், கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லவே கோபமாக வருகிறது. அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பிச் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. வேலை போய்ச் சும்மா இருந்த அம்மாக்களுக்குச் சுமார் 10 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தேன் என்று எழுதிய அம்மாக்களுக்குச் சுமார் 5 சதவீதம்தான். குடும்பத்தைப் பார்த்தவருக்கு வேலையில் பிடிப்பு இல்லை என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். அநியாயம்தான். அதற்காக நீங்கள் செய்ததை மறைக்கச் சொல்லவில்லை. ரெஸ்யூமேயில் "பணி இடைவெளி – குடும்பப் பொறுப்பு, இப்போது முடிந்தது" என்று ஒரே வரி போதும். லிங்க்ட்இன் தளத்திலும் 2022 முதல் பணி இடைவெளியைத் தனியாகப் பதிவு செய்ய இடம் இருக்கிறது. அந்த வரிக்கு மேலே சமீபத்தில் படித்தது, செய்தது வரட்டும். பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கோ தெரிந்தவர் கடைக்கோ கணக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது வேலைதான், சம்பளம் வாங்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஆனால் வீட்டுப் பொறுப்புக்கு "இல்ல நிர்வாக இயக்குநர்" என்றெல்லாம் பட்டம் சூட்டிக்கொள்ள வேண்டாம், உண்மையான உழைப்பை அது மலிவாக்கிவிடும்.

கேள்வி: எங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன். இரண்டரை வருடம் ஆகிவிட்டது. நோயைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? நாள் ஆக ஆகக் கதவு மூடிக்கொண்டே போகிறதோ என்று பயமாக இருக்கிறது. — ஒரு வாசகர்

பதில்: நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "நிறுவனம் குழுவைக் கலைத்தது. அதன்பின் உடல்நலத்துக்காக இடைவெளி எடுத்தேன், இப்போது வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை" என்றால் போதும். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமும், வேலை கொடுப்பதாகச் சொல்லும் முன் உடல்நலம் பற்றிக் கேட்பதைப் பெரும்பாலும் தடுக்கின்றன. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருத்துவரைப் பார்க்க மாதம் அரை நாள் வேண்டும் என்றால், வேலை உறுதியான பிறகு கேளுங்கள்.

கதவு மூடிக்கொண்டே போகிறதா என்றீர்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் 100 நகரப் பகுதிகளில் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். இடைவெளி கூடக் கூட அழைப்பு குறைந்தது உண்மைதான், ஆனால் குறைந்ததில் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. அதாவது உங்களுக்கு வர வேண்டிய அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம் தள்ளினால் எல்லாம் போச்சு என்ற பதற்றத்தில், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு மறுபடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கலைக்கப்பட்ட அந்தக் குழுவில் இருந்தவர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள், அவர்களில் ஒருவர் கை காட்டினால் ரெஸ்யூமே வடிகட்டலையே தாண்டிவிடலாம். கூச்சம் இருக்கும். இருந்தாலும் இந்த வாரமே ஒருவருக்காவது போன் போடுங்கள்.

கேள்வி: இடைவெளி இருப்பதால் சம்பளத்தைக் குறைத்துக் கேட்கணுமா? 'ரிட்டர்ன்ஷிப்' என்கிறார்களே, சேரலாமா? — ஒரு வாசகி

பதில்: பழைய சம்பளத்தை அடிப்படையாக வைக்காதீர்கள். அந்த வேலைக்கு இன்று மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து அதைக் கேளுங்கள். கொஞ்சம் குறைவாக ஏற்க நேர்ந்தால், எப்போது மறுபரிசீலனை என்பதைச் சேரும் முன்பே பேசி முடியுங்கள். ரிட்டர்ன்ஷிப் என்பது இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கானது. அந்தப் பெயரில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க வங்கி 2008-ல் ஆரம்பித்தது, இப்போது பல நிறுவனங்கள் சில மாதப் பயிற்சி வேலையாக நடத்துகின்றன. சேரலாம், சம்பளம் உண்டு என்றால் மட்டும். முடிவில் நிரந்தரமாக்குவார்களா, அதை யார், எதை வைத்து முடிவு செய்வார்கள் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.