ஓரமாய்ப் போனால் மட்டும் போதுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 46. மூன்று மாதத்துக்கு முன் கியர் வைத்த ஹைப்ரிட் சைக்கிள் வாங்கினேன். தினமும் காலையில் தேவனாம்பட்டினம் போய்வருவதில் அவ்வளவு சந்தோஷம். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி வரை ஓட்ட ஆசை. வீட்டில், "அந்த ரோட்டிலா?" என்று பயப்படுகிறார்கள். போன வாரம் ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு பஸ் உரசுவதுபோல் போனது. பதறி மண்ணில் இறங்கிவிட்டேன். நல்ல ஹெல்மெட்டும் லைட்டும் வாங்கினால் போதுமா?

பதில்: இரண்டும் வேண்டும். ஆனால் அவற்றைவிட முக்கியமானது, நீங்கள் சாலையில் எந்த இடத்தில் ஓட்டுகிறீர்கள் என்பது. பஸ் அப்படிப் போனதற்கு டிரைவர் ஒரு காரணம். தார் விளிம்பை ஒட்டியே நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால் அது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

"ஓரமா போ" என்று சொல்லித்தான் எல்லோரையும் சைக்கிளில் அனுப்புகிறோம். அதில் பாதிதான் சரி. விளிம்பை ஒட்டிப் போகும் சைக்கிளைப் பார்த்தால் பின்னால் வருபவருக்கு இடம் இருப்பதாகத் தோன்றும். எதிரே லாரி வந்தாலும் ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் அதே தடத்தில் தாண்டப் பார்ப்பார். உங்களுக்கோ இடப்பக்கம் தார் முடிந்து, மண் இரண்டு மூன்று அங்குலம் கீழே இறங்கியிருக்கும். சக்கரம் அதில் இறங்குவதைவிட, மறுபடி ஏறுவதுதான் ஆபத்து. ஓடிக்கொண்டே சாய்வாக ஏற்றினால் முன் டயர் விளிம்பை உரசியபடி ஏறாமல் நிற்கும், உடல் மட்டும் வலப்பக்கம் போகும். விழுவது வண்டிகள் வரும் பக்கம்.

ஆகவே, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தார் போட்ட ஓரப்பகுதி அகலமாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தால் அதில் போங்கள். அது உடைந்தோ, மணல் மூடியோ, வண்டிகள் நின்றோ இருந்தால், விளிம்பிலிருந்து மூன்று அடி உள்ளே நேர்கோடாக ஓட்டுங்கள். நின்றிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவே உள்ளே புகுந்து புகுந்து வெளியே வராதீர்கள்; பின்னால் வருபவருக்கு ஒவ்வொரு முறையும் நீங்கள் திடீரென்று முளைத்தவர். காரைத் தாண்டும்போதும் மூன்று அடி விடுங்கள், கதவு திறக்கும். தவறி மண்ணில் இறங்கிவிட்டால் ஹேண்டிலை நேராகப் பிடித்து, முன் பிரேக்கைத் தொடாமல் வேகம் தானாகக் குறையவிட்டு, நின்று, இறங்கி, சைக்கிளைத் தூக்கி மேலே வையுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இப்படி மூன்று அடி உள்ளே ஓட்ட, திரும்பிப் பார்க்கத் தெரிய வேண்டும். தலையை வலப்பக்கம் திருப்பினால் தோளும் கையும் கூடவே திரும்பி, சைக்கிள் வலப்பக்கம் இழுக்கும். புதிதாக ஓட்டுபவர்கள் பலர் பின்னால் பார்க்கும் அந்த நொடியில்தான் வண்டிக்கு முன்னால் போய்விடுகிறார்கள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பாருங்கள். கோட்டை விட்டு ஒரு சாண்கூட விலகாமல் பத்துக்குப் பத்து முறை வந்தால் தேசிய நெடுஞ்சாலைக்குத் தயார். வலப்பக்க ஹேண்டில் நுனியில் கண்ணாடி மாட்டுங்கள். என்ன வருகிறது என்று அது காட்டும்; எவ்வளவு அருகில் என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இனி உங்கள் பாதை. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் புதுச்சேரி எல்லையில் பெட்ரோல் பங்க்குகளும் மதுக்கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் கடலூர் வண்டிகள் அங்கே போய் நிரப்புகின்றன. உங்களை முந்திய கையோடு பங்க்குக்குள் இடப்பக்கம் ஒடிப்பார்கள். எதிரிலிருந்து குறுக்கே வருபவர்களும் உண்டு. பங்க் தெரிந்ததும் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு கையையும் பிரேக் மேல் வையுங்கள். மதுக்கடைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை: பொழுது சாய்ந்தபின் அந்தச் சாலை சைக்கிளுக்கு உரியதல்ல, ஞாயிறு மாலை சுத்தமாக வேண்டாம்.

அடுத்த சிக்கல் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம். கடைத்தெரு, சந்திப்பு, நெரிசல். அதனால் முதல் இரண்டு மாதம் புதுச்சேரி கடற்கரையை இலக்காக வைக்காமல் சுண்ணாம்பாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புங்கள். போய்வர ஏறத்தாழ 30 கி.மீ. வரும். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே பாகூர் ஏரிப்பக்கம் திரும்புங்கள். வயல்வெளி, ஏரிக்கரை, சோழர் காலத்து மூலநாதர் கோயில் என்று கண்ணுக்கும் நல்லது. ஆனால் கரும்பு வெட்டுக் காலத்தில் அந்தப் பக்கமும் நெல்லிக்குப்பம் சாலையிலும் கரும்பு டிராக்டர்கள் ஓடும். டிரெய்லரின் இருபுறமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், பின் விளக்கு பெரும்பாலும் இருக்காது. காற்று தடுக்கிறதே என்று அதன் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

பஸ்ஸுக்கு வருவோம். முந்திவந்து உங்கள் முன்னால் ஒடித்து நிறுத்தத்தில் நிற்கும். அதன் இடப்பக்கம் புகுந்தால் இறங்கும் பயணிகள்மேல் மோதுவீர்கள், வலப்பக்கம் தாண்டினால் அது கிளம்பும்போது நசுக்கும். பின்னால் நில்லுங்கள். அரை நிமிடம்தான். எதிர்த்திசையில் உங்கள் ஓரமாகவே வரும் பைக்குக்கும் இதே விதி: வேகம் குறைத்து, உங்கள் கோட்டை விடாமல், தேவையானால் நின்றுவிடுங்கள். கடைசி நொடியில் வலப்பக்கம் ஒடிப்பதுதான் கூடாது.

பிரேக் பற்றி ஒரு கணக்கு. 20 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறீர்கள். பார்த்து, கை அழுத்த ஒரு நொடி; நல்ல பிரேக் இருந்தால் பிறகு நான்கு மீட்டர். ஆக நிற்கப் பத்து மீட்டர். ஈரத்தில், அதிலும் சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால், இன்னும் கூடும்: ரப்பர் கட்டை ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கவே ஆரம்பிக்கும். எந்தக் கை முன் பிரேக் என்று முதலில் பாருங்கள், கடைக்குக் கடை மாற்றி மாட்டியிருப்பார்கள். நிறுத்தும் வலு பெரும்பாலும் முன் பிரேக்கில்தான். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்துங்கள். மணல்மேல் மட்டும் முன் பிரேக் வேண்டாம்.

கடற்கரை ஊரில் பிரேக்கின் எதிரி உப்புக்காற்று. உள் கேபிள் துருப்பிடித்தால் லிவர் கனக்கும், விட்டபின் மெதுவாகத் திரும்பும். அப்போதே கேபிளை மாற்றுங்கள். அறுந்துபோகும்வரை காத்திருக்க வேண்டாம். தேவனாம்பட்டினத்து மணல் செயினில் ஒட்டினால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். மேலே மேலே எண்ணெய் விடாமல், துணியால் துடைத்துவிட்டு இணைப்புக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தையும் துடைத்துவிடுங்கள். 150, 200 கி.மீ.க்கு ஒருமுறை போதும்.

டயர் அளவு 700×35 என்றால், 75 கிலோ எடையுள்ளவருக்குப் பின்னால் 60, முன்னால் 55 பி.எஸ்.ஐ. (பம்ப் மீட்டரில் காட்டும் அழுத்த அளவு) காற்று சரியாக இருக்கும். டயர் பக்கவாட்டில் எழுதிய வரம்பைத் தாண்டாதீர்கள். பங்க் கம்ப்ரசரில் பிடிக்காமல் மீட்டர் வைத்த கைப்பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். காற்று குறைந்தால் குழி விளிம்பில் டியூப் நசுங்கி, பாம்புக் கடிபோல் இரட்டை ஓட்டை விழும்.

லைட்டுக்கு வருகிறேன். பின் சிவப்பு விளக்கு 50 முதல் 100 லூமன் (வெளிச்சத்தின் அளவு). பையில் தொங்கவிடாமல் சீட் கம்பியில், தரைக்கு இணையாக மாட்டுங்கள். பகலில் மின்னட்டும், இருட்டில் நிலையாக எரியட்டும், மின்னும் விளக்கின் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். முன்னால் பாதை தெரிய 300, 400 லூமன், கொஞ்சம் கீழ்நோக்கி. இரண்டு கணுக்காலிலும் ரிஃப்ளெக்டர் பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் அந்த இரண்டு வெளிச்சத்தைப் பார்த்ததும் 'சைக்கிள்காரர்' என்று தூரத்திலேயே புரிந்துவிடும். விலை குறைந்த பொருள்களில் இதுபோல் பயன்தருவது வேறில்லை.

ஹெல்மெட்டில் இ.என். 1078 (ஐரோப்பியத் தரம்) அல்லது சி.பி.எஸ்.சி. (அமெரிக்கத் தரம்) முத்திரை இருந்தால் போதும்; விலை கூடினால் குறைவது எடைதான். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, வார் காதுக்குக் கீழே 'வி' வடிவம், தாடைக்கும் வாருக்கும் ஒரு விரல். ஒருமுறை அடிபட்டால் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். காதில் ஹெட்போன் வேண்டாம்.

வீட்டாருக்கு: கிளம்பும்போது போனில் இருப்பிடத்தைப் பகிருங்கள். ரத்த வகை, வீட்டு எண் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 108 இரண்டு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, உச்சவரம்புக்கு உட்பட்டு, கட்டணமில்லாமல் கிடைக்கும். எல்லை தாண்டிய விபத்துக்கு அது கிடையாது என்பதால் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள்.

விடிந்ததும், ஆறு மணிவாக்கில் கிளம்பினால் எட்டரைக்குள் வீடு திரும்பலாம். பஞ்சரோ தாமதமோ ஆகி, கன்னியக்கோயில் வரும்போதே மணி ஏழரை தாண்டிவிட்டால், சுண்ணாம்பாற்றை அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டு அங்கேயே திரும்புங்கள்.